பழசுன்னா குலுக்கத்தான் செய்யுமா?

யாராவது பின்னாடி இருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டா கழுத்தை மட்டும் திருப்ப முடியாது. பீரோவை நகர்த்துற மாதிரி மொத்த உடம்பையும் திருப்பணும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கோடையில மூணு வாரம் நான் அப்படித்தான் ஆபீஸ் போய் வந்தேன். என்ன ஆச்சுன்னு கேட்டவங்ககிட்ட உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு "தூக்கத்துல பிடிச்சுக்கிச்சு"ன்னு சமாளிச்சாச்சு. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. மர ரோலர் கோஸ்டர் மக்களே, மர ரோலர் கோஸ்டர்! :-)

எந்தப் பார்க்குன்னு சொல்லப் போறதில்லை. நாங்க இருக்கிறது ஒஹாயோவுல, சின்சினாட்டி பக்கம். ஒரு நீண்ட வார இறுதிக்கு வேற மாநிலம் போயிருந்தப்ப நடந்தது. பையனுக்கு அப்ப பதினொரு வயசு. முதல் ஏற்றம், முதல் இறக்கம் எல்லாம் ஜோர். அடிவாரத்துக்கு வந்ததும் 'தட்'டுன்னு ஒரு அடி. அதுக்கப்புறம் ஒவ்வொரு பள்ளத்துலயும் தட், தட், தட். மாட்டு வண்டியை எழுபது கிலோமீட்டர் வேகத்துல ஓட்டினா எப்படி இருக்குமோ அப்படி. இறங்கிப் பார்த்தா பையன் உதடு பல்லுல பட்டு ரத்தம்.

அங்க நின்ன பொண்ணுகிட்ட சொன்னேன். காலேஜ் படிக்கிற வயசு, கோடை விடுமுறை வேலைக்கு வந்த பொண்ணு. அது ரொம்ப அன்பா ஒரு டிஷ்யூவை நீட்டி, "மரத்துல செஞ்சது சார், ரொம்பப் பழசு வேற. அப்படித்தான் இருக்கும்"னு சொல்லுச்சு. பையன் அன்னைக்கே முடிவு கட்டிட்டான்: இனி மரத்துல ஏற மாட்டேன்.

அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோபமே இல்லை. ஆனா "பழசு, அப்படித்தான் இருக்கும்"ங்கிற வாக்கியம் மட்டும் கழுத்து வலி போன பிறகும் போகலை. இந்தப் பதிவு அந்த வாக்கியத்துக்கு எதிரா எழுதினது.

அடுத்த வருஷம் அப்பா வந்திருந்தார். ஊர்ல நாற்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவர். கதவு, ஜன்னல், கட்டில், கல்யாணத்துக்குப் பீரோன்னு ஒண்ணு விடாம செஞ்சவர். அவரைக் கூட்டிக்கிட்டு இண்டியானாவுல இருக்கிற ஹாலிடே வேர்ல்டுக்குப் போனோம். ஊர் பேரே சாண்டா கிளாஸ்! உள்ள குளிர்பானம் எவ்வளவு குடிச்சாலும் காசு கிடையாது. தங்கமணி அந்த ஒரு காரணத்துக்காகவே அந்தப் பார்க்கை மன்னிச்சுட்டாங்க.

அங்க 'வாயேஜ்'னு ஒரு மர கோஸ்டர். 2006ல திறந்தது. 163 அடி உயரம், 6,442 அடி நீளம். பெயிண்ட் இல்லாத வெறும் மரம். அப்பா ஏறலை, கீழ நின்னு அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருந்தார். எனக்கு முதல்ல கண்ணுல பட்டது வேற. சாம்பல் நிறத்துல வெளுத்துப் போன மரத்துக்கு நடுவுல அங்கங்க மஞ்சளா புதுப் பலகை. கிழிஞ்ச வேட்டிக்கு ஒட்டுப் போட்ட மாதிரி. தங்கமணி என் சட்டையைப் பிடிச்சு இழுத்தாங்க. "பார்த்தீங்களா, எவ்வளவு இடத்துல உடைஞ்சு மாத்தியிருக்காங்க! பையனை ஏத்தாதீங்க."

அப்பா திரும்பினார். "இல்லம்மா, இதுலதான் தைரியமா ஏறணும். மாத்தினது தெரியுதுல்ல? மாத்தாமயே நிக்குற மரத்துலதான் ஏறக் கூடாது."

அப்புறம் என்கிட்ட, "ஏன்டா, நம்ம வீட்டு வாசக் கதவு மழைக்காலத்துல உப்பிக்கிட்டு சாத்த முடியாம போகும், வெயில் வந்தா சுருங்கி இடைவெளி விடும், ஞாபகம் இருக்கா? சும்மா நிக்கிற கதவுக்கே ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இழைப்புளி போடணும். இதுல ரயிலே ஓடுது. வருஷா வருஷம் கை வைக்கலைன்னா நிக்குமா?"ன்னு கேட்டார்.

இந்த ஒரு கேள்விதான் மொத்த விஷயமும். அன்னைக்கு ராத்திரி மோட்டல்ல உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சவன் இன்னும் நிறுத்தலை.

மர கோஸ்டர்னு நாம சொல்றதுல தாங்கி நிக்கிற தூணை விட முக்கியம் தண்டவாளம். ஏழெட்டுப் பலகையை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, ஆணியும் போல்ட்டும் போட்டு இறுக்கி, மேல தட்டையா ஒரு இரும்புப் பட்டை. அவ்வளவுதான். சக்கரம் அந்தப் பட்டை மேல ஓடுது. பக்கவாட்டுல ஒரு சக்கரம், அடியில ஒரு சக்கரம் உண்டு. ரயில் மேல எகிறிப் போகாம பிடிச்சு வைக்கிற அந்த அடிச் சக்கரத்துக்கு ஜான் மில்லர்ங்கிற அமெரிக்கர் 1919ல காப்புரிமை வாங்கினார். நூறு வருஷம் கழிச்சும் அடிப்படை அதேதான்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. டன் கணக்குல எடை உள்ள ரயில் ஒரு நாளைக்கு நூத்துக்கணக்கான தடவை அதே பள்ளத்துல வந்து அழுத்துது. மரம் நசுங்கும். போல்ட் தளரும். ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இருக்கிற அகலம் கொஞ்சம் கூடும். ஒரு இடத்துல சின்னக் குழி விழுந்தா ரயில் அங்க துள்ளி, நாலு அடி தள்ளிப் போய் விழும். விழுற இடத்துல அடுத்த குழி. நம்ம ஊர் ரோட்டுல ஒரு குழி பத்துக் குழியா ஆகுற கதைதான். குழி பெருசானா ரயிலும் அடி வாங்கும், அடி வாங்கின ரயில் நல்லா இருக்கிற தண்டவாளத்தையும் கெடுக்கும். அதனால இந்த வருஷம் மிச்சம் பிடிக்கிற செலவு ரெண்டு வருஷம் கழிச்சு ரெண்டு மடங்கா வந்து நிக்கும்.

இதுக்கு மருந்தும் புதுசு இல்லை. பார்க் திறக்கிறதுக்கு முன்னாடி தினமும் காலையில ஆட்கள் ட்ராக் மேலேயே நடந்து போய், தளர்ந்த போல்ட்டை இறுக்கி, விரிசல் பார்த்து வருவாங்க. பனிக்காலத்துல பார்க் மூடியிருக்கிறப்ப தேய்ஞ்ச பகுதியில பலகை அடுக்கைப் பிரிச்சுட்டுப் புதுசு போடுவாங்க. இதைத்தான் ரீட்ராக்கிங்னு சொல்றாங்க. வாயேஜ்ல நாங்க பார்த்த மஞ்சள் பலகை அதுதான். ஒழுங்கான பார்க்ல நூறு வயசு கோஸ்டரோட தண்டவாளம் நூறு வயசா இருக்காது. உருவம்தான் பழசு, நம்ம எலும்புக்குக் கீழ இருக்கிற மரம் புதுசு.

அப்ப "பழசு, அதான் குலுக்குது"ங்கிறது எவ்வளவு பெரிய சப்பைக்கட்டு!

சந்தேகம் இருந்தா ரெண்டு ஜாதகத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

முதல் ஜாதகம்: டெக்ஸாஸ் ஜயண்ட். 1990ல சிக்ஸ் ஃப்ளாக்ஸ் ஓவர் டெக்ஸாஸ் பார்க்ல திறந்தாங்க. 'அம்யூஸ்மென்ட் டுடே' பத்திரிகை வருஷா வருஷம் தர்ற கோல்டன் டிக்கெட் விருதுல 1998லயும் 1999லயும் உலகத்துலேயே சிறந்த மர கோஸ்டர் இதுதான். பத்து வருஷம் கழிச்சு, 2009ல, குலுக்கல் தாங்காதுன்னு மூடியாச்சு. வயசு பத்தொம்பது. 2011ல மரத் தூண்களை வச்சுக்கிட்டு மேல இரும்புத் தண்டவாளம் போட்டுத் திறந்தாங்க.

ரெண்டாவது ஜாதகம்: ஃபீனிக்ஸ். 1940களின் கடைசியில டெக்ஸாஸ்லேயே சான் அன்டோனியோ ஊர்ல 'ராக்கெட்'ங்கிற பேர்ல கட்டினது. 1980ல அந்தப் பார்க் மூடிடுச்சு. பென்சில்வேனியாவுல கனோபல்ஸ்னு ஒரு குடும்பம் நடத்துற பார்க், நுழைவுக் கட்டணமே கிடையாது, அவங்க இதைப் பலகை பலகையாப் பிரிச்சு எடுத்துட்டுப் போய் 1985ல மறுபடி ஓட விட்டாங்க. 2018ல அதே கோல்டன் டிக்கெட் பட்டியல்ல முதல் இடம் யாருக்கு? இந்த எழுபது வயசுப் பெரியவருக்கு! பேருக்கேத்த மாதிரி சாம்பல்ல இருந்து எழுந்தவர்.

உடனே ஒரு நியாயமான கேள்வி வரும். ஃபீனிக்ஸ் 78 அடிதானே, டெக்ஸாஸ் ஜயண்ட் 143 அடியாச்சே? உண்மை. உயரம் கூடினா வேகம் கூடும், மரத்து மேல விழுற அடியும் கூடும். பெருசா கட்டினவன் பெருசா பராமரிக்கணும், அவ்வளவுதான். வாயேஜ் டெக்ஸாஸ் ஜயண்டை விட உயரம். அதுவும் பூ மாதிரி போகாது, நல்லாவே குலுக்கும். ஆனா அவங்க பனிக்காலம் வந்தா விடாம பலகை மாத்துறாங்க, இன்னும் வரிசையில நின்னு ஜனம் ஏறுது.

எல்லாத்துக்கும் பராமரிப்பு ஒண்ணுதான் காரணம்னு சாதிக்கவும் மாட்டேன். எங்க வீட்டுல இருந்து அரை மணி நேரத்துல இருக்கிற கிங்ஸ் ஐலண்ட்லயே அதுக்கு எதிர் சாட்சி இருந்தது. அங்க 1979ல கட்டின 'பீஸ்ட்', 7,361 அடி, இன்னைக்கும் உலகத்துலேயே நீளமான மர கோஸ்டர். 2000ல அதுக்கு ஒரு வாரிசு கட்டினாங்க. 'சன் ஆஃப் பீஸ்ட்', 218 அடி உயரம், மர கோஸ்டர்ல தலைகீழா ஒரு வட்டம் வேற. 2006 ஜூலையில தாங்கு மரம் ஒண்ணு விரிசல் விட்டு, ட்ராக்குல பள்ளம் விழுந்து, 27 பேருக்குக் காயம். வட்டத்தை எடுத்துட்டு 2007ல திறந்தாங்க. 2009ல மறுபடி ஒரு காயப் புகார், மூடினது மூடினதுதான். 2012ல இடிச்சுட்டாங்க. பிறவியிலேயே மரத்தோட சக்திக்கு மீறிக் கட்டினதை எந்த ஸ்பேனரும் காப்பாத்தாது.

ஆனா அதே பார்க், அதே மழை, அதே பனி. அப்பன் என்ன ஆனார்? 2022 சீசனுக்கு முன்னாடி பீஸ்ட்ல 2,000 அடிக்கு மேல ட்ராக்கைப் பிரிச்சுப் புதுசு போட்டாங்க. மகன் பன்னிரண்டு வருஷத்துல போயிட்டான், அப்பன் இன்னும் கல்லு மாதிரி ராத்திரியில காட்டுக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கார். பழசுன்னு மூடணும்னா முதல்ல மூட வேண்டியது அவரைத்தானே?

"தொழிற்சாலையில அளவு பிசகாம அறுத்துப் பொருத்தினா பிரச்சினை தீர்ந்துடும்"னு ஒரு நம்பிக்கையும் இருந்தது. நியூஜெர்சியில சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர்ல 2006ல வந்த 'எல் டோரோ' அப்படிப்பட்டது. வெண்ணெய் மாதிரி போகும்னு பேர் வாங்கினது. 2021ல ஒரு ரயிலோட கடைசிப் பெட்டியில சக்கரம் இடம் பிசகி, அந்த சீசன் முழுக்க நிறுத்தி வச்சாங்க. 2022ல திறந்து, அதே ஆகஸ்ட்ல 14 பேருக்குக் காயம். அப்புறம் 2023 கோடையிலதான் திறந்தாங்க. எந்தத் தொழில்நுட்பமா இருந்தாலும் மரம் மரம்தான். அறுத்ததோட வேலை முடியறதில்லை.

இரும்புத் தண்டவாளத்துக்கு மாத்துறதைப் பத்தி ஒரு வார்த்தை. ஒஹாயோவுலேயே சீடர் பாயிண்ட்ல 1991ல வந்த 'மீன் ஸ்ட்ரீக்' முதுகை உடைக்கும்னு பேர் வாங்கி 2016ல மூடி, 2018ல 'ஸ்டீல் வெஞ்சன்ஸ்' ஆச்சு. போயிருக்கேன், அட்டகாசம், பொய் சொல்ல மாட்டேன். ஆனா பார்க் முதலாளிகளுக்கு இது ஒரு வசதியான வழி ஆயிடுமோன்னுதான் பயம். பத்து வருஷம் கை வைக்காம விடு, குலுக்க விடு, ஜனமே "இதைத் தூக்குங்கப்பா"ன்னு கேட்கட்டும், அப்புறம் இரும்பு போட்டு 'புதுசு'ன்னு விளம்பரம் பண்ணு. தேர் சக்கரம் தேய்ஞ்சுடுச்சுன்னு தேரை லாரி மேல ஏத்துற மாதிரி. எல்லாரும் அப்படி நினைச்சுப் பண்றாங்கன்னு சொல்லலை. ஆனா பராமரிக்காம விட்டவனுக்குத் தண்டனையே இல்லாம பரிசு கிடைக்கிற ஏற்பாடு அது.

அந்த வழியே போகாத ஒருத்தர் நியூயார்க்ல இருக்கார். கோனி ஐலண்ட் சைக்ளோன். 1927ல திறந்தது. இதுல ஒரு வேடிக்கை, தூணெல்லாம் இரும்பு, ட்ராக் மட்டும் மரம். ஆனாலும் அது மர கோஸ்டர்தான். 1970கள்ல பக்கத்துல இருக்கிற மீன் காட்சியகத்தைப் பெருசாக்க இதை இடிக்கப் பார்த்தாங்க. ஊர் ஜனம் விடலை. 1988ல நகரத்தோட பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆயிடுச்சு. 2024 ஆகஸ்ட்ல, சங்கிலி இழுக்கிற பல் சக்கரத்துல விரிசல்னு ஓட்டத்தை நிறுத்தினாங்க. "தொண்ணூத்தேழு வயசு, போதும்"னு யாரும் சொல்லலை. சரி பண்ணி, சோதிச்சு, மறுபடி ஓட விட்டாங்க. நிறுத்தத் தெரிஞ்சவங்கதான் ஓட்டத் தெரிஞ்சவங்க.

இதெல்லாம் அரசாங்கம் பார்க்காதான்னு கேப்பீங்க. அமெரிக்காவுல ஊர் ஊரா நகர்ந்து போற ராட்டினங்கள்தான் மத்திய அரசு அமைப்போட அதிகாரத்துக்குள்ள வருது. ஒரே இடத்துல நிலையா இருக்கிற பார்க்குகளுக்கு 1981ல விலக்கு கொடுத்துட்டாங்க. அதனால மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேற. எங்க ஒஹாயோவுலயும் பென்சில்வேனியாவுலயும் ரோலர் கோஸ்டரைச் சோதிக்கிறது எந்தத் துறை தெரியுமா? விவசாயத் துறை! சோளம் விளையுறதையும் நான் தலைகீழா அலறுறதையும் ஒரே துறை மேற்பார்வை பார்க்குது. :-) சிரிச்சாலும் அவங்க வேலையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா சோதனை பார்க்குறது 'பாதுகாப்பா இருக்கா'ன்னுதான். 'நல்லா இருக்கா'ன்னு பார்க்க வேண்டியது பார்க்கும் நாமளும்.

அதனால என் கோரிக்கை சிம்பிள். ஒவ்வொரு பார்க்கும் சீசன் திறக்கிறப்ப, இந்தப் பனிக்காலத்துல எந்தக் கோஸ்டர்ல எத்தனை அடி ட்ராக் மாத்தினோம்னு வாசல்ல எழுதிப் போடணும். சில பார்க் இதைப் பெருமையா அறிவிக்கவும் செய்யுது. புது ராட்டினத்துக்கு மட்டும் பேனர் கட்டுறாங்களே, பழைய மரத்துக்குப் போட்ட புதுப் பலகைக்கும் கட்டட்டும். எழுதிப் போட ஒண்ணுமே இல்லைன்னா அதுவும் நமக்கு ஒரு செய்திதான்.

நம்ம பங்குக்கு? "பழசு, அப்படித்தான்"னு யாராவது சொன்னா தலையாட்டிட்டு வராதீங்க. அலுவலகத்துல போய் ஒரு வரி எழுதிக் கொடுங்க. பளபளன்னு பெயிண்ட் அடிச்சதைப் பார்த்து நம்பாதீங்க. நிழலா, சாம்பலா இருக்கிற மரத்துக்கு நடுவுல புது மரம் எங்கேயாவது தெரியுதான்னு தேடுங்க. ஒட்டுப் போட்டது அசிங்கம் இல்லை, ஆள் இருக்கான்னு அர்த்தம்.

வாயேஜ் கதைக்கு வர்றேன். பையன் ஏற மாட்டேன்னு அடம். அப்பா அவனை ஒரு தூண்கிட்ட கூட்டிட்டுப் போய், புது மரத்துக்கும் பழைய மரத்துக்கும் வித்தியாசம் காட்டினார். அவர் தமிழும் அவன் அமெரிக்கத் தமிழும் எப்படிப் பேசிக்கிச்சோ தெரியலை. பத்து நிமிஷம் கழிச்சு வந்து, "தாத்தா ஓகே சொல்லிட்டார், போகலாம்"னு கையைப் பிடிச்சு இழுத்தான். ரெண்டு தடவை போனோம். குலுக்குச்சு. ஆனா யாருக்கும் ரத்தம் வரலை, எனக்குக் கழுத்தும் பிடிக்கலை.

அப்பா ஊருக்குப் போயாச்சு. டிசம்பர்ல போன்ல பேசுறப்ப உடம்பு, மழை எல்லாம் விசாரிச்சு முடிச்சுட்டுக் கடைசியா கேட்டார்: "அங்க இப்ப பனிதானே? அந்த மரத்துக்குப் பலகை மாத்துற வேலை ஆரம்பிச்சுட்டாங்களா?"

ஆரம்பிச்சிருப்பாங்கப்பான்னேன்.

டிஸ்கி: கழுத்துக்கு ஒரு டிப்ஸ். மூணு வரிசை உள்ள பெட்டியா இருந்தா நடு வரிசையில உட்காருங்க. முன் வரிசையும் பின் வரிசையும் சக்கரத்துக்கு நேர் மேல வரும், அடி அங்கதான் அதிகம். கடைசிப் பெட்டியில கடைசி சீட்டுதான் வேணும்னு அடம் பிடிக்கிற வீரர்கள் தைலம் கையோட எடுத்துட்டுப் போகவும். உங்களுக்கு இந்த மாதிரி அனுபவம் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. வர்ட்டா?